காட்டோரக் கொல்லையில் மானுக்குப் புல்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு முழு வழிகாட்டி

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கீழே இரண்டு ஏக்கர் ராகிக் கொல்லை. மேலே நாலு ஏக்கர் முள்ளும் மரமுமாகக் கரடு. அதற்கு மேல் காப்புக்காடு. மாசி பாதி தாண்டினால் கரட்டில் பச்சை என்று காட்ட ஒரு புல் கூட நிற்காது. அப்போது புள்ளிமான்கள் கிணற்றோரப் பசுமையைத் தேடிக் கீழே இறங்கும். ஒரு பங்குனியில் அப்படி இறங்கிய பெண் மான் ஒன்று எங்கள் கிணற்றில் விழுந்துவிட்டது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. ஊர்க்காரர்களும் வனத்துறை ஊழியர்களும் வலை போட்டுத் தூக்கினார்கள். மேலே வந்தபோது உயிர் இருந்தது. காட்டோரம் கொண்டுபோய் விட்டபோது எழவில்லை.

சுவரை அந்த மாதமே கட்டினேன். ஆனால் மான் ஏன் அங்கே வந்தது என்ற கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. மேலே தின்ன ஒன்றும் இல்லாததால்தான் கீழே வந்தது. அன்றிலிருந்து மேல் நாலு ஏக்கரில் மானுக்கென்று புல்லும் மரமும் வைத்து வருகிறேன். இந்த இரண்டு மாவட்டங்களிலும் காட்டை ஒட்டி மரம் மண்டிய நிலம் வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மானை வரவைப்பது பெரிய வேலை இல்லை. நாலு நாள் தண்ணீர் காட்டினால் அஞ்சாம் நாள் தானே வரும். அது ராகிக்கும் ரோட்டுக்கும் நாய்களுக்கும் இறங்காமல் மேலேயே தங்குவதுதான் கடினம். அதற்கு நாலு வேண்டும்: மேய்ச்சல், மறைப்பு, தண்ணீர், அமைதி. இதில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றுக்குச் செய்த செலவு வீண்.

முதலில் சட்டம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்காரர்கள் வெள்ளைவால் மானுக்காகத் தங்கள் காட்டு நிலத்தில் குளோவர், ஓட்ஸ், டர்னிப் விதைப்பார்கள். இலையுதிர் காலத்தில் மான் அங்கே மேய வரும்போது சுடுவதற்கு. அங்கே பல இடங்களில் உரிமம் வாங்கி அப்படிச் செய்யலாம். இங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், கேளையாடு எதையும் தொடக்கூடாது. அந்தச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமில்லை, கண்ணி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி ஈர்ப்பது எல்லாமே அடங்கும். மான் உள்ளே வந்ததும் படலைச் சாத்தி அடைப்பதும் குற்றம்தான்.

அதனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் உங்கள் சரகத்து வனவரையோ வனக்காப்பாளரையோ பார்த்துப் பேசுங்கள். சர்வே எண், எல்லை, என்ன வைக்கப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இது மரியாதைக்காக மட்டுமல்ல. நாளைக்கு உங்கள் நிலத்தில் யாரோ கண்ணி வைத்துவிட்டுப் போனால், கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் மரம் வெட்ட 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சந்தனம் தானாக முளைத்து நின்றால் அதைக் கழிப்பதற்குக் கூடக் கேட்டுக்கொண்டே கை வையுங்கள். காப்புக்காட்டுக் கல்லுக்கு அந்தப்பக்கம் ஒரு விதை கூடப் போடாதீர்கள். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்ட பிறகு, நம் பக்கத்தில் பல ஊர்களின் கொல்லை வரப்பே சரணாலய எல்லையாகிவிட்டது.

ஒரு மாதம் நடந்து பாருங்கள்

விதை வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு மாதம் அவசியம். தை அல்லது மாசியில் விடியற்காலை நடந்தால் நல்லது. மான் எந்த வழியாக வருகிறது, எங்கே படுக்கிறது, எங்கே திரும்புகிறது என்று மண்ணிலேயே தெரியும். தெரியாத இடத்தில் ஆறடி நீளம், மூன்றடி அகலத்துக்குச் செம்மண்ணைச் சலித்துப் பரப்பி, கையால் தட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் அங்கே எழுதியிருக்கும். புள்ளிமான் குளம்பு முன்பக்கம் கூராக, இரண்டு பாதி இலை சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். கடமான் தடம் அதைவிடப் பெரியது, கனமாகப் பதியும். காட்டுப்பன்றியின் தடத்தில் பின்னால் இரண்டு சிறு குழி விழும். ஆட்டுத் தடத்தோடு குழம்பினால் புழுக்கையையும் பக்கத்து இலைக் கடியையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு வழிகாட்டியது ஒரு நெல்லி மரம். தை மாதம் அதன் அடியில் போனேன். காய் உதிர்ந்து கிடந்தது. பத்தடி தள்ளி ஒரு பாறை நிழலில், கையளவு இடத்தில் இருபது முப்பது நெல்லிக் கொட்டைகள் குவிந்திருந்தன. சதை ஒரு துளி இல்லை, கழுவி வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தன. மான் காயை அப்படியே விழுங்கிவிட்டு, நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். தான்றிக்காயையும் அப்படித்தான். அந்தக் குவியல் இருக்கும் இடம் மானுக்குப் பயமில்லாத இடம் என்று அர்த்தம். அந்தப் பாறையிலிருந்து நாற்பது அடிக்குள்தான் என் முதல் புல்தட்டு, அதாவது மானுக்கென்று திறந்து புல் விதைத்த சின்னத் துண்டு நிலம்.

இடமும் அளவும்

ஒரே இடத்தில் ஐம்பது சென்ட் திறந்து விட்டால் பார்க்க அழகாக இருக்கும். மான் அதன் நடுவுக்கு வராது. பத்து முதல் பதினைந்து சென்ட் அளவில் மூன்று தட்டு வையுங்கள். ஒவ்வொன்றும் நீளமாக, வாய்க்கால் மாதிரி கொஞ்சம் வளைந்து இருக்கட்டும். தட்டின் எந்த இடத்தில் நின்றாலும் முப்பது நாற்பது எட்டுத் தூரத்தில் புதர் இருக்க வேண்டும். தலை தூக்கிப் பார்த்ததும் மறைய இடம் தெரிந்தால்தான் அது நிதானமாக மேயும்.

ராகிக் கொல்லைக்கும் தட்டுக்கும் நடுவில் குறைந்தது நூற்றைம்பது அடி அடர்ந்த புதர் விடுங்கள். ரோடு, நாய் வளர்க்கும் வீடு, ஆட்டுப்பட்டி, திறந்த கிணறு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் மான் போகும் பாதை ரோட்டைக் கடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடந்தால் அந்த இடமே வேண்டாம்.

இதெல்லாம் எவ்வளவு மானுக்குப் போதும் என்று கேட்பார்கள். கணக்கு இப்படி. நாற்பது கிலோ எடையுள்ள பெண் மான் ஒரு நாளைக்கு நாலைந்து கிலோ பச்சை தின்னும். பத்து மான் என்றால் நாற்பத்தைந்து கிலோ. கொழுக்கட்டைப்புல்லை நன்றாகப் பராமரித்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் வரை எடுக்கலாம். கரட்டு மானாவாரியில் பாதி வந்தால் பெரிது. பதினைந்து சென்டுக்கு ஒரு டன் சொச்சம். பத்து மானுக்கு அது ஒரு மாதம் கூட வராது. ஆக, நம் தட்டு மானுக்குச் சோறு போடுவது இல்லை. கஷ்டமான வாரங்களில் கை கொடுப்பது. மீதிச் சாப்பாட்டைச் சுற்றியுள்ள மரமும் புதரும்தான் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் புல்லை மட்டும் போட்டுவிட்டு மான் நிற்கவில்லை என்று வருத்தப்படுபவர்கள் அதிகம்.

உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும்

நம் கரடுகளில் உண்ணிச்செடி மூடாத இடம் குறைவு. அதன் அடியில் புல் வராது, மானும் தின்னாது. மேலே வெட்டினால் மழைக்கு இரண்டு மடங்கு துளிர்க்கும். வேரோடு தோண்டினால் மண் கலைந்து, உள்ளே கிடக்கும் விதையெல்லாம் முளைக்கும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. மண்ணுக்குக் கீழே மூன்று நாலு அங்குலத்தில் நடுவேரை மட்டும் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அங்கேயே காய விட வேண்டும். காய் பழுப்பதற்கு முன் செய்யுங்கள். எனக்குக் கோடை மழை விழுந்து மண் இளகும் வைகாசிதான் வசதி. ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு முடிப்பார் என்பது பாறையைப் பொறுத்தது. என் நிலத்தில் ஒரு தட்டுக்கு இரண்டு ஆள் ஒரு வாரம் பிடித்தது.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் அழித்துவிடாதீர்கள். குட்டி போடும் மான் உண்ணிப் புதருக்குள்ளேதான் குட்டியை மறைத்து வைக்கிறது. வேறு மறைப்பு வரும்வரை தட்டின் ஓரங்களில் திட்டுத்திட்டாக விடுங்கள். அழித்த இடத்தில் அந்த ஆண்டு ஆடி மழையிலேயே புல் விதைக்க வேண்டும். விட்டால் உண்ணியே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றுகளைக் கையால் பிடுங்கியாக வேண்டும். குருவி உட்காரும் மரத்தடியில்தான் அதிகம் முளைக்கும்.

சீமைக் கருவேலத்தின் காய் இனிப்பு. மானும் ஆடும் தின்று, புழுக்கையோடு எங்கும் பரப்பும். சின்ன மரங்களை வேரோடு எடுத்துவிடலாம். பெரிய மரங்களைக் காய் விடுவதற்கு முன் கழித்து வந்தால் போதும். ஆட்டுக்கிடை போட்டால் எரு கிடைக்கும் என்று நானும் முதல் ஆண்டு கிடை வைத்தேன். அடுத்த ஆண்டு தட்டு முழுக்கச் சீமைக் கருவேலக் கன்று. மக்காத எரு உள்ளே வரவே கூடாது. ஆடு மாட்டிடமிருந்து மானுக்கு நோய் தொற்றும் என்பதாலும் கிடை வேண்டாம்.

மண், நீர் நிறுத்துதல்

தட்டின் நாலைந்து இடத்தில் அரையடி ஆழ மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். தருமபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். நம் செம்மண் பெரும்பாலும் புல்லுக்கும் பயறுக்கும் ஏற்ற கார அமில நிலையில்தான் இருக்கும், சுண்ணாம்புச் செலவு அதிகம் வராது. குறைவது மண்ணில் மக்கிய சத்தும், தண்ணீரும்தான். பதினைந்து சென்டுக்கு நன்றாக மக்கிய தொழுவுரம் முந்நூறு கிலோ போடுங்கள். யூரியா வேண்டாம்.

இரண்டு மாவட்டத்திலும் ஆண்டு மழை 800, 900 மி.மீ. அளவில்தான். அது சரிவில் ஓடிப் போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் துண்டு துண்டாகக் குழி வெட்டி, எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் அணையுங்கள். குழியைத் தொடர்ச்சியாக வெட்டினால் ஒரு இடத்தில் உடைத்துக்கொண்டு ஓடும். அணைத்த மண்ணின் மேல்தான் என் தட்டில் புல் முதலில் பிடித்தது.

என்ன விதைப்பது

புல்லில் என் முதல் விதை கொழுக்கட்டைப்புல். நம் மண்ணின் புல், வறட்சி தாங்கும், ஒரு முறை பிடித்தால் பல ஆண்டு நிற்கும். விதையை இந்த ஆண்டு அறுத்து உடனே போட்டால் சரியாக முளைக்காது. ஆறேழு மாதம் உறங்க விட்ட விதையாகக் கேட்டு வாங்குங்கள். பஞ்சு போல லேசான விதை, காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்து, ஒன்றரை அடிக்கு ஒரு கோடு கீறித் தூவி, மேலே முள்கிளையை இழுத்துவிடுங்கள். ஆழமாக மூடினால் வராது. ஏக்கருக்கு மூன்று கிலோ என்பது கணக்கு. கரட்டு நிலத்தில் எறும்பும் பறவையும் எடுத்தது போக நிற்பதற்கு, பதினைந்து சென்டுக்கு ஒரு கிலோ போடுகிறேன். ஆடியிலிருந்து ஆவணி நடுவுக்குள் முடிக்க வேண்டும். அருகம்புல்லும் மத்தங்காய்ப்புல்லும் தானாக வந்தால் விட்டுவிடுங்கள், மானுக்குப் பிடித்தவை.

பயறு வகையில் தட்டைப்பயறும் கொள்ளும். தட்டைப்பயறை ஆடியில் புல் கோடுகளுக்கு நடுவில் போடுகிறேன், பதினைந்து சென்டுக்கு ஒன்றரைக் கிலோ. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்திப் போட்டால் வேர் முடிச்சு நன்றாக வரும். கொள்ளுதான் உண்மையான நண்பன். புரட்டாசி கடைசியில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தூவினால், ஐப்பசி மழையில் எழுந்து பனியிலேயே தை வரை பச்சையாக நிற்கும். கிருஷ்ணகிரி பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பையூர் 2 ரகம் நம் பக்கத்துக்கு ஏற்றது. மான் முதலில் நுனியை மட்டும் கிள்ளும். பக்கக்கிளை வெடித்து மறுபடி வரும். காய் பிடித்ததைக் கொஞ்சம் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு விதை தானே விழும்.

முயல் மசாலும் வேலி மசாலும் நல்ல தீவனம்தான். ஆனால் வெளிநாட்டுச் செடிகள், காட்டுக்குள் பரவினால் திரும்ப எடுக்க முடியாது. மாட்டுக்கு வேண்டுமென்றால் கீழ்க்கொல்லையில் போடுங்கள். காட்டோரத்தில் நான் போடுவதில்லை. கினியாப்புல், சூபாபுல் இரண்டையும் காட்டுப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

இன்னும் சில வேண்டாதவை. நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் போட்டால் காட்டுப்பன்றி இரவோடு இரவாக உழுதுவிடும். வாழை, பலா, கரும்பு, நேப்பியர் புல் வைப்பது யானையைக் கூப்பிடுவதற்குச் சமம். ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஓசூர், தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு வருவது நம் எல்லோருக்கும் தெரியும். மானுக்காக வைத்தது ஒரு மனித உயிருக்கு வினையாகிவிடக் கூடாது.

தானியத்தைக் குவித்து வைக்கவே கூடாது. புல் தின்று பழகிய மான் திடீரென்று அரிசி, சோளம், கம்பு அதிகமாகத் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறிச் செத்துப்போகும். ஆடு மாட்டுக்கு நடப்பதுதான் இங்கும். ஒரே குவியலில் பல மான் வாய் வைப்பதால் நோயும் பரவும். அன்பு என்று நினைத்துச் செய்யும் கெடுதல்களில் இதுதான் பெரியது.

எழுபது நாள் அடைப்பு

முளைத்த புல்லை மான் கிள்ளினால் வேரோடு வந்துவிடும். வேலமுள் படல் கட்டி எழுபது நாள் அடையுங்கள். இழுத்துப் பார்த்தால் புல் வராமல் இலை மட்டும் அறுந்தால் வேர் பிடித்துவிட்டது, திறக்கலாம். கம்பியோ வலையோ வேண்டாம், கொம்பு சிக்கும். மின்சாரத்தை நினைக்கவே வேண்டாம்.

திறக்கும்போது ஒவ்வொரு தட்டிலும் மூன்றடிக்கு மூன்றடி முள்கூண்டு ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். உள்ளே மான் வாய் எட்டாது. அமெரிக்கக்காரர்கள் செய்வதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். மாதம் ஒரு முறை கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். உள்ளே முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரை என்றால் வாய் அதிகம், தட்டு போதவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு தட்டு திறக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரம் என்றால் மான் வரவே இல்லை, ஏதோ பயமுறுத்துகிறது. எனக்கு ஒரு தட்டில் அப்படி இருந்தது. பரண் போட்டு இரண்டு இரவு உட்கார்ந்த பிறகுதான், ஊர் நாய்கள் நாலு அந்த வழியாகக் கூட்டமாகப் போவது தெரிந்தது.

மரம்தான் கோடையில் காப்பாற்றும்

புல் மாசியில் காய்ந்துவிடும். அப்போது மரத்திலிருந்து விழும் பூவும் காயும் இலையும்தான் சாப்பாடு. எந்த மாதத்தில் எது விழுகிறது என்று பார்த்து, இடைவெளி இல்லாமல் வையுங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை நெல்லி. மார்கழியிலிருந்து மாசி வரை இலந்தை. மாசியில் முள்ளிலவம் பூ சதையோடு கொத்தாக விழும், மான் அதைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பது பார்க்க வேண்டிய காட்சி. மாசி, பங்குனியில் புளி. குரங்கு மேலே தின்று பாதி கீழே போடும், மான் மரத்தடியில் காத்து நிற்கும். சித்திரை, வைகாசியில் வெள்வேல் காயும் குமிழ்ப்பழமும். ஆனி, ஆடியில் நாவல். ஆலும் அத்தியும் மரத்துக்கு மரம் வேறு மாதத்தில் பழுக்கும், அதனால் இரண்டு மூன்று வைத்தால் நல்லது. இலுப்பைப்பூவை மான் விரும்பும். ஆனால் கரடியும் வரும். வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஏற்கனவே நிற்கும் மரத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். என் கரட்டில் வெள்வேல் பதினாலு நின்றன, நான் ஒன்று கூட வைக்கவில்லை. இல்லாததை மட்டும் வையுங்கள். இரண்டடிக் குழி, மக்கிய எரு, புரட்டாசி மழையில் நடவு. முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம். ஆண் மான் கொம்பை உரசிப் பட்டையை உரித்துவிடும், அதனால் மூன்று ஆண்டுக்கு முள் கட்டியே ஆக வேண்டும்.

ஆத்தி இருந்தால் ஒரு வேலை செய்யலாம். கை மணிக்கட்டு அளவு தண்டுகளை மூன்றடி உயரத்தில் கவாத்து செய்தால், மான் வாய்க்கு எட்டும் உயரத்தில் துளிர் வெடிக்கும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் செய்யுங்கள்.

தண்ணீர்

ஆறடி நீளம், நாலடி அகலம். ஒரு பக்கம் தரை மட்டத்தில் தொடங்கி மறுபக்கம் ஒரு அடி ஆழம் வரை சரிவாக இறங்கும் தொட்டி. முந்நூறு லிட்டர் பிடிக்கும். சரிவு மிக முக்கியம். செங்குத்துச் சுவரோடு கட்டினால் குட்டியும் முயலும் ஓணானும் உள்ளே விழுந்து செத்து மிதக்கும். உள்ளே சொரசொரப்பாக விட்டு, நாலு கல்லைப் போட்டு வையுங்கள். தட்டிலிருந்து நூறு அடி தள்ளி, ஒரு பக்கம் மட்டும் புதர் இருக்கும் இடமாகக் கட்டுங்கள். நாலு பக்கமும் அடைத்திருந்தால் சிறுத்தைக்குத்தான் வசதி. வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள், யானையும் குடிக்க வரும்.

வாரம் ஒரு முறை காலி செய்து, தென்னை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வழிந்த தண்ணீர் போகும் இடத்தில் அஞ்சு சென்ட் அருகம்புல் வையுங்கள். சித்திரையில் என் நிலத்தில் பச்சையாக நிற்பது அது ஒன்றுதான். தொட்டியில் ஒரு கோடை தண்ணீர் வைத்துவிட்டு அடுத்த கோடையில் நிறுத்தாதீர்கள். பழகிய வழியில் வந்து, ஏமாந்து, கீழ்க்கிணற்றுக்குத்தான் இறங்கும். முடியாது என்று தோன்றினால் தொடங்காமல் இருப்பது மேல். உப்புக்கட்டி வைக்க வேண்டாம். கண்ணி வைப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்.

ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டியது

மான் முற்றிய புல்லை விரும்பாது, வெட்டி ஒரு வாரம் ஆன இளந்துளிரைத்தான் தேடும். ஒவ்வொரு தட்டையும் மூன்று பங்காக்கி, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு பங்கை நாலு அங்குலம் விட்டு அறுத்துவிடுங்கள். அறுத்தது உங்கள் மாட்டுக்கு. தை கடைசியில் ஒரு முறை சுற்றிலும் பத்தடி அகலத்துக்குச் சருகு நீக்கித் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். புல் துளிர்க்கட்டும் என்று நெருப்பு வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு தீயில் நெல்லிக் கன்றும், வெள்வேலும், பக்கத்துக் காப்புக்காடும் சேர்ந்து போகும். அது குற்றமும் கூட.

வாரம் ஒரு முறை தட்டுக்கு வரும் பாதையில் குனிந்து நடந்து கண்ணி பாருங்கள். பிரேக் ஒயரைச் சுருக்காக வளைத்து, முழங்கால் உயரத்தில், இரண்டு செடிக்கு நடுவில் கட்டியிருப்பார்கள். பக்கவாட்டு வெயிலில் பார்த்தால் பளபளக்கும். கண்டால் போட்டோ எடுத்து வனக்காப்பாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டு நாய்க்கு இரவில் கட்டும், மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசியும் தவறக் கூடாது. மான் தங்கினால் சிறுத்தையும் எட்டிப் பார்க்கும், ஆட்டுப்பட்டிக்கு மேல்கூரையோடு அடைப்பு வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். என் பக்கத்துக் கொல்லைக்காரர் முதல் ஆண்டு என்னோடு பேசவில்லை. அவருடைய அவரையில் மான் வாய் வைக்காமல் இருக்க நடுவில் இருந்த புதரை அடர்த்தியாக்கி, வரப்போரம் ஆமணக்கு நெருக்கமாக நட்டுக் கொடுத்தேன். இப்போது கண்ணி கண்டால் அவர்தான் முதலில் சொல்கிறார்.

தட்டு பிடித்த இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் புதரடியில் மான்குட்டி ஒன்று அசையாமல் சுருண்டு படுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் தாய் இருக்காது. கைவிடப்பட்டது என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். தாய் மேயப் போயிருக்கும், வாசனை பிடித்து யாரும் வரக் கூடாது என்றுதான் தள்ளியே நிற்கும். தொடாமல், நின்று பார்க்காமல், வந்த வழியே திரும்பி நடங்கள். நாயைக் கட்டுங்கள். அன்று அந்தப் பக்கம் புல் அறுக்க ஆள் அனுப்பாதீர்கள். பொழுது சாய்ந்ததும் தாய் வந்து பால் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகும்.